கலக்கக் கூடாத இரண்டு போத்தல்கள்

மகனே,

முழுக்க எழுதச் சொல்லிவிட்டு ரயில் ஏறினாய். போன ஞாயிற்றுக்கிழமை நீ உன் சட்டைகளை மடித்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தபோதுதான் நான் சொல்லத் தொடங்கினேன். நீ ஒரு சட்டையைக் கையில் பிடித்தபடியே கடைசி வரை கேட்டாய். பிறகு ஒரே ஒரு கேள்வி. “அண்டைக்கு நான் ஜேர்மனில என்ன சொன்னனான், அம்மா?” அந்த வசனத்தை உனக்குச் சொன்னேன். பதினைந்து வருடமாக எனக்கு அது மனப்பாடம். நீ சட்டையை மடித்து வைத்தாய். “எழுதுங்கோ. ஒண்டையும் விடாமல் எழுதுங்கோ,” என்றாய். நம் ஊர் ஹம் நிலையத்தில் ஹம்பேர்க் ரயில் வந்து நின்றபோது என் கையைப் பிடித்தாய், முகத்தைப் பார்க்கவில்லை. அதைப் பற்றி எனக்குக் குறை இல்லை. உன் இடத்தில் நான் இருந்திருந்தால் கையையும் பிடித்திருக்க மாட்டேன்.

இதை உனக்கு மட்டும் எழுதி, உறையில் போட்டு அனுப்பியிருக்கலாம். எல்லோரும் வாசிக்கிற இடத்தில் எழுதுவதற்குக் காரணம் சுகந்தி. நான் செய்த பிழை நாலு பேர் முன்னால் அவள் தலையில் விழுந்தது. அதைத் திருத்துவதும் நாலு பேர் முன்னால்தான் நடக்க வேண்டும். நீயும் எழுதச் சொல்கிறாய், அவளும் எழுதச் சொல்கிறாள். எனக்கு இனி ஒளிக்க இடமில்லை, ஒளிக்கிற எண்ணமும் இல்லை.

உனக்கு அப்போது பதின்மூன்று வயது. அப்பா தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. நான் ஒரு துப்புரவு நிறுவனத்தின் ஆளாக, பக்கத்து ஊரில் இருந்த முதியோர் இல்லத்தில் குளியலறைகள் கழுவினேன். என்னோடு வேலை செய்தவள் சுகந்தி. என்னைவிடப் பத்து வயது இளையவள். இந்த நாட்டுக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. வேலை இருந்தால்தான் அவளுடைய வதிவிட அனுமதி நீளும். அதனால் காய்ச்சலோடும் வருவாள், பஸ் ஓடாத பனி நாளில் நடந்தும் வருவாள். மத்தியானத்தில் இரண்டு பேரும் துணி வைக்கிற அறையில் இருந்து சாப்பிடுவோம். என் கறியில் உறைப்பு காணாது என்பாள். என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டாள், இன்றைக்கும் அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

இந்தப் பக்கத்துத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். நம் வீட்டுக் கேத்தலின் அடியில் படிகிற வெள்ளை, குளியலறைச் சுவரிலும் குழாயிலும் கல்லாக இறுகிவிடும். அதைக் கரைக்க ஒரு போத்தல் தந்தார்கள். ஓடுகளின் இடுக்கில் கறுப்பாகப் பிடிக்கும் பூஞ்சணத்தைக் கொல்ல இன்னொரு போத்தல். முதலாவதில் அமிலம், இரண்டாவதில் குளோரீன். எனக்கு அப்போது இரண்டின் பெயரும் தெரியாது. சிவப்பு மூடி, நீல மூடி என்றுதான் தெரியும். போத்தலில் இருந்த சின்ன எழுத்தை வாசிக்க எனக்கு ஜேர்மன் போதாது. வேலைக்குச் சேர்ந்த அன்று, பாதுகாப்பு விளக்கம் பெற்றேன் என்று ஒரு கடதாசி நீட்டினார்கள். விளக்கம் ஐந்து நிமிடம். ஒரு சொல்லும் விளங்கவில்லை. கீழே கையெழுத்து வைக்கச் சொன்னார்கள், வைத்தேன். வேலை கிடைத்த சந்தோஷத்தில் வடிவாகவே வைத்தேன்.

அடுத்த நாள் அந்த இல்லத்தைப் பார்வையிட ஆட்கள் வருகிறார்கள் என்று அன்று காலையிலேயே எல்லோரும் ஓடிக்கொண்டிருந்தோம். கீழ்த்தளத்தில் இருந்த பெரிய குளியலறை எனக்கு. யன்னல் திறக்க ஏலாதபடி திருகாணி போட்டிருந்தது. தண்ணீர் போகும் துவாரத்தைச் சுற்றி நீல மூடிப் போத்தலை ஊற்றி ஊற விட்டேன். பூஞ்சணம் போனது, சுண்ணாம்புக் கறை போகவில்லை. முதலில் ஊற்றியதைக் கழுவிவிட்டு மற்றதை எடுக்க வேண்டும். அதற்குப் பத்து நிமிடம் வேண்டும், என்னிடம் அது இல்லை. சமையலில் உப்புக் குறைந்தால் உப்பைப் போடுகிறோம், புளி குறைந்தால் புளியைக் கரைத்து விடுகிறோம். இரண்டும் நல்ல மருந்தென்றால் சேர்ந்தால் இன்னும் நல்லாக வேலை செய்யும் என்று நினைத்தேன். சிவப்பு மூடியையும் அதற்கு மேலேயே ஊற்றினேன். நிலம் சீறியது. நீச்சல் தடாகத்தின் மணம் முதலில் வந்தது, அடுத்த மூச்சில் தொண்டைக்குள் கத்தி போட்டது போல இருந்தது. கண் தெரியவில்லை. வெளியே வந்து, வயதானவர்களுக்கு மணக்கக் கூடாது என்று கதவைச் சாத்திவிட்டு, நடைக்கூடத்தின் மற்றக் கோடியில் இருந்த தொட்டிக்கு ஓடிக் கண்ணைக் கழுவினேன். ஆரிடமும் ஒரு சொல் சொல்லவில்லை. பிழை செய்துவிட்டேன் என்று தெரிந்தது, அது வெளியே தெரியக் கூடாது என்பதுதான் மனதில் இருந்தது.

நான் திரும்பி வந்தபோது அந்தக் கதவு திறந்திருந்தது. தாதி ஒருத்தி சுகந்தியைக் கமக்கட்டில் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டிருந்தாள். சுகந்தி இருமவில்லை, இருமுவதற்கும் மூச்சு வேண்டும். உதடு நீலமாகியிருந்தது. ஏன் உள்ளே போனாள் என்று எனக்கு அப்போது தெரியாது. ஒன்பது நாள் வைத்தியசாலையில் கிடந்தாள். உயிர் மிஞ்சியது, பழைய மூச்சு மிஞ்சவில்லை.

மூன்றாம் நாள் என்னை நிறுவனத்தின் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். மொழிபெயர்க்க ஆள் இல்லாததால் உன்னைப் பள்ளிக்கூடத்தில் இருந்து மறித்துக் கூட்டிக்கொண்டு போனேன். மேற்பார்வை செய்கிற பெண் என் கையெழுத்து இருந்த கடதாசியை மேசையில் வைத்தாள். பிறகு கேட்டாள். நீ என் பக்கம் திரும்பினாய். “அம்மா, ரெண்டாவது போத்தலை ஆர் ஊத்தினதெண்டு கேக்கிறா.” நான் உன் பள்ளிக்கூடப் பையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன், “நான் ஒண்டுதான் ஊத்தினனான். மற்றதைச் சுகந்திதான் ஊத்தியிருக்க வேணும் எண்டு சொல்லு.” நீ சொன்னாய். ஒரு தடங்கலும் இல்லாமல், வினைச்சொல்லைக் கடைசியில் சரியாக வைத்து, மரியாதையாகச் சொன்னாய். அந்தப் பெண் எழுதிக்கொண்டு, உன் மகன் எவ்வளவு அழகாகக் கதைக்கிறான் என்று என்னிடம் சொன்னாள். அதையும் நீதான் வெட்கப்பட்டுக்கொண்டு எனக்கு மொழிபெயர்த்தாய்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டாய், “அம்மா, நீங்கள் கலக்கேல்லைத்தானே?” இல்லை என்றேன். நீ நம்பினாய். இரண்டு கிழமை கழித்து உன் இரசாயனவியல் புத்தகத்தைக் குசினி மேசையில் விரித்து, ஒரு படத்தில் விரலை வைத்து, “இஞ்ச பாருங்கோ, ஆரோ ரெண்டையும் கலந்திருக்கினம், அதாலதான் வாயு வந்தது,” என்று துப்புத் துலக்கியவன் போலச் சொன்னாய். நான் பருப்புக்குத் தாளித்துக்கொண்டு நின்றேன், திரும்பிப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து உனக்கு அந்தப் பாடத்தில் பித்து. அதற்குப் பிறகு ஆய்வுகூடத்தில் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி, இப்போது ஹம்பேர்க் துறைமுகத்தில் இரசாயனக் களஞ்சியத்தின் பொறுப்பாளர். எல்லோரும் என்னைப் பாராட்டுகிறார்கள். உன் தொழில் எங்கே தொடங்கியது என்று எனக்குத்தான் தெரியும். அந்தப் பொய்யில் உனக்குப் பங்கில்லை, மகனே. அது என்னுடையது. உன் வாயை நான் இரவல் எடுத்தேன்.

சுகந்தி வைத்தியசாலையில் இருந்து வந்த கிழமை அவளுக்குக் கடிதம் போனது. பாதுகாப்பு விதியை மீறி இரண்டு பொருட்களைத் தானே கலந்தாள், அதனால் வேலை முடிகிறது என்று. அதன் பிறகு பல வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீட்டுகிற அனுமதியோடு அலைந்தாள். முதலில் ஒரு ஒன்றுவிட்ட தமையன் வீட்டில், பிறகு ஹம்பேர்க்கில். அந்தக் கோடையில் நம் ஊர்ப் பக்கத்து ஊன்ட்றொப் அம்மன் கோயில் திருவிழாவில், அன்னதானத்துக்கு வரிசையில் நின்றபோது இரண்டு பெண்கள் அவளைப் பற்றிக் கதைத்தார்கள். கவனமில்லாத பெட்டை, ஒரு போத்தலைப் பார்த்துப் பாவிக்கத் தெரியாது, அவளால் மற்றத் தமிழ்ச் சனத்துக்கும் வேலை இல்லாமல் போகப் போகுது என்றார்கள். ஒருத்தி என்னைப் பார்த்து, “நீங்களும் அங்கதானே நிண்டனீங்கள், என்ன நடந்தது?” என்றாள். நான் “ஓம், பாவம்” என்றேன். தட்டை நீட்டிச் சோற்றை வாங்கிக்கொண்டு போய்ச் சாப்பிட்டேன்.

ஒன்பது வருடம் அப்படியே போனது. பிறகு என் கையின் கீழே மூன்று பெண்களை விட்டார்கள். அதில் ஒருத்தி ஒரு நாள் இரண்டு போத்தலையும் ஒரே வாளிக்குமேல் பிடித்துக்கொண்டு நிற்பதைக் கண்டேன். பறித்தேன். பறித்த வேகத்தில் அவள் பயந்துபோனாள். “ஏன்?” என்று கேட்டாள். கலந்தால் ஆபத்து என்று தெரியும், ஏன் என்று தெரியாது. நான் ஒருத்தியின் மூச்சைக் கெடுத்தேன், எப்படிக் கெடுத்தேன் என்றுகூட எனக்குத் தெரியாது என்ற எண்ணம் அன்று முழுக்க என்னை விடவில்லை. அன்று பின்னேரமே நிலவறைக்குப் போய், உன் பழைய பள்ளிப் புத்தகப் பெட்டியை அவிழ்த்து, அந்த இரசாயனவியல் புத்தகத்தை எடுத்தேன். நீ அப்போது வேறு நகரத்தில் இருந்தாய். உன்னைக் கேட்டிருந்தால் தொலைபேசியிலேயே விளங்கப்படுத்தியிருப்பாய். இதை உன் வாயால் கேட்க எனக்கு மனம் வரவில்லை. நானே வாசிக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன்.

அகராதியோடு ஒரு பக்கத்துக்கு நாலு நாள் எடுத்தது. ஆனால் எனக்கு ஒரு உதவி இருந்தது. யாழ்ப்பாணத்தில் பத்தாம் வகுப்பு வரை நானும் விஞ்ஞானம் படித்தவள்தான். சோடியம் என்று எழுதிவிட்டு ஏன் Na என்று குறியீடு போடுகிறோம் என்று அப்போது கேட்டதற்கு, “பாடமாக்கு” என்ற பதில்தான் கிடைத்தது. உன் புத்தகத்தைத் திறந்தால் ஜேர்மன்காரர் சோடியத்தை நற்றியும் என்றே சொல்கிறார்கள். பொட்டாசியத்துக்குக் காலியும், அதனால்தான் K. முப்பது வருடத்துக்கு முந்திய கேள்விக்கு வேறொரு நாட்டின் குசினியில் பதில் கிடைத்தது. அன்று நான் தனியே சிரித்தேன். ஐதரசனுக்கு இவர்கள் வைத்த பெயரில் தண்ணீர் இருக்கிறது, ஒட்சிசனுக்கு வைத்த பெயரில் புளிப்பு இருக்கிறது. பெயரைப் பார்த்தே பாதி விளங்கிவிடும். இந்த மொழி எனக்கு எதிரி என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

கொஞ்சம் கொஞ்சமாக விளங்கியது. நாம் தொடுகிற எல்லாம் நூற்றுச் சொச்ச மூலகங்களின் அணுக்கள். அணுவின் நடுவில் கரு, சுற்றிவர இலத்திரன்கள். வெளி ஓட்டில் எத்தனை இலத்திரன் நிற்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அந்த அணு ஆரோடு சேரும் என்பது இருக்கிறது. சோடியத்தின் வெளி ஓட்டில் ஒன்றே ஒன்று. அதைக் கொடுத்துவிடப் பார்க்கும். குளோரீனுக்கு ஏழு, எட்டாவது ஒன்றைப் பறிக்கப் பார்க்கும். தண்ணீரில் போட்டால் தீப்பிடிக்கிற ஒரு உலோகமும், ஆளைக் கொல்லுகிற ஒரு வாயுவும் ஒன்றுக்கொன்று கொடுத்து வாங்கி, நாம் கறிக்குப் போடுகிற உப்பாகின்றன. உப்பையும் மிளகாய்த்தூளையும் ஒன்றாகப் போட்டால் அது கலவை. உப்பு உப்பாகவே இருக்கும், தண்ணீரில் கரைத்து வடித்துப் பிரித்தும் எடுக்கலாம். அணுக்கள் பிணைந்துவிட்டால் அது சேர்வை, புதுப் பொருள், புதுக் குணம். நான் அன்று கலவை செய்வதாக நினைத்துக்கொண்டு வேறொன்றைச் செய்திருந்தேன்.

அந்த இரண்டு போத்தலும் சேர்ந்தால் என்ன ஆகும் என்கிற சமன்பாட்டுக்கு வந்தபோது ஒரு கிழமை அதிலேயே நின்றேன். இடப்பக்கம் போகிற அணுக்கள் எல்லாம் வலப்பக்கம் வர வேண்டும், ஒன்று கூடவும் கூடாது, குறையவும் கூடாது என்று புத்தகம் சொன்னது. தாளில் எழுதி எழுதிப் பிழைத்தது. கடைசியில் சாமான் போத்தல்களை இறக்கினேன். சோடியத்துக்கு மைசூர்ப் பருப்பு, ஒட்சிசனுக்கு மிளகு, ஐதரசனுக்குக் கடுகு, குளோரீனுக்குக் கடலை. நீல மூடிப் போத்தலுக்கு ஒரு பருப்பு, ஒரு மிளகு, ஒரு கடலை. சிவப்பு மூடிக்கு ஒரு கடுகும் ஒரு கடலையும். வலப்பக்கம் சரிவரவில்லை. தண்ணீருக்கு இரண்டு கடுகு வேண்டும் என்பது மூன்றாம் நாள்தான் தட்டுப்பட்டது. அமிலத்தை இரண்டாக வைத்தேன். ஒரு பருப்பும் ஒரு கடலையும் சேர்ந்து உப்பு. இரண்டு கடுகும் ஒரு மிளகும் சேர்ந்து தண்ணீர். எல்லாம் முடிந்து மேசையில் இரண்டு கடலை மிஞ்சிக் கிடந்தது. சேர ஆள் இல்லாமல் ஒன்றையொன்று பிடித்துக்கொண்ட இரண்டு குளோரீன். அதுதான் அந்த வாயு. அது புதிதாக எங்கிருந்தும் வரவில்லை. போத்தலுக்குள் அடைபட்டுக் கிடந்ததை அமிலம் அவிழ்த்துவிட்டிருக்கிறது. சுவாசப்பையின் ஈரத்தில் போய் அது அங்கேயே அமிலமாகிறது. சுகந்தியின் நெஞ்சுக்குள் என்ன நடந்தது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. அந்த இரண்டு கடலையையும் எடுத்துத் திரும்பப் போத்தலில் போட எனக்குக் கை வரவில்லை.

இதை எல்லாம் விளங்கிய பிறகாவது நான் எழுந்து போயிருப்பேன் என்று நினைக்காதே. போகவில்லை. இன்னும் நாலு வருடம் இழுத்தேன். துப்புரவுத் தொழிலுக்கு ஒரு சோதனை இருக்கிறது, அதை எடுப்போம் என்று படித்தேன். முதல் தடவை தோற்றேன், இரண்டாம் தடவை வாய்மொழித் தேர்வில் பரீட்சகர், குளோரீன் உள்ளதையும் அமிலம் உள்ளதையும் சேர்த்தால் என்ன நடக்கும் என்று கேட்டார். நான் எழுந்து, பலகையில் சமன்பாட்டை எழுதி, ஒவ்வொரு அணுவாகச் சொன்னேன். மூன்று பேரும் தலையாட்டினார்கள், மிக நன்று என்றார்கள். வெளியே வந்து பஸ் தரிப்பிடத்தில் இருந்தேன். மூன்று பஸ்ஸைப் போக விட்டேன். அதே இரண்டு போத்தலுக்கு எனக்குச் சான்றிதழ், அவளுக்கு வேலைநீக்கம்.

அன்று அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கடைசி வரை கேட்டார். பிறகு, “இப்ப போய் அதை ஏன் கிளறுறாய்? அந்தப் பிள்ளையும் எங்கயோ நல்லா இருக்கும்,” என்றார். “நல்லா இருக்கிறாளோ எண்டு போய்ப் பாத்திட்டு வாறன்,” என்றேன். முதலில் அந்த நிறுவனத்துக்கு எழுதினேன். அது கைமாறிவிட்டது, பழைய கோப்புகள் தங்களிடம் இல்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அதோடு விட்டிருக்கலாம். ஆளாளாய் விசாரித்து, ஹம்பேர்க் பிரதான நிலையத்துக்குக் கிட்ட இருக்கிற ஒரு தமிழ்ச் சாமான் கடையில் அவள் நிற்கிறாள் என்று அறிந்து, இந்தப் பங்குனியில் ரயில் ஏறினேன்.

முருங்கைக்காய்க் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. என்னை உடனே தெரிந்துகொண்டாள். “வாங்கோ அக்கா,” என்று ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். நான் இருக்கவில்லை. நின்றபடியே சொன்னேன், “சுகந்தி, ரெண்டு போத்தலையும் ஊத்தினது நான்தான்.”

அவள் கையில் இருந்த கட்டை வைத்தாள். “எனக்குத் தெரியும் அக்கா. நான் கதவைத் திறக்கேக்கை ரெண்டு போத்தலும் உங்கட வாளிக்குப் பக்கத்தில நிண்டது.”

“அப்ப ஏன் அவையளிட்டச் சொல்லேல்லை?”

“சொன்னனான். ஜேர்மனில சொல்லத் தெரியேல்லை. உங்களிட்ட மகன் இருந்தான் கதைக்க. எனக்கு ஆர் இருந்தது?”

கடைக்கு ஒருத்தர் வந்தார். அவருக்கு அரிசி மூட்டையைக் காட்டிவிட்டுத் திரும்பி வந்தாள். அந்தச் சின்ன நடைக்கே மூச்சு வாங்கியது. மேலங்கிப் பையில் இருந்து மருந்தை எடுத்து இரண்டு தரம் இழுத்தாள். நான் கேட்டேன், ஏன் அன்று அந்த அறைக்குள் போனாய் என்று. “மேல் மாடி வேலை முடிஞ்சு உங்களுக்கு உதவி செய்ய வந்தனான். கதவு சாத்தியிருந்தது, மணந்தது. கூப்பிட்டன், சத்தமில்லை. நீங்கள் உள்ளுக்கு விழுந்து கிடக்கிறியள் எண்டு நினைச்சன்.” அதை அவள் சாதாரணமாகச் சொன்னாள். என்னைத் தேடித்தான் அவள் அந்தப் புகைக்குள் போயிருக்கிறாள். அது பதினைந்து வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிய வந்தது.

நான் மன்னிப்புக் கேட்டேன். அவள், “அது தாறதோ இல்லையோ எனக்கு இப்ப சொல்ல ஏலாது அக்கா,” என்றாள். “முதல்ல எழுதித் தாங்கோ. நான்தான் கலந்தனான் எண்டு ஒரு கடதாசி என்னட்ட இன்னும் இருக்கு. என்ர மகள் ஒரு நாள் அதைக் கண்டெடுப்பாள். அதுக்குப் பக்கத்தில உங்கட கடதாசியும் இருக்க வேணும்.” கடையின் மேசையிலேயே, பற்றுச்சீட்டுப் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்து எழுதினேன். ஜேர்மனில், உன் உதவியும் அகராதியும் இல்லாமல். அவள் வாங்கி நிதானமாக வாசித்தாள். பதினைந்து வருடத்தில் அவளும் இந்த மொழியைப் படித்திருக்கிறாள். ஒரு இடத்தில் விரலை வைத்தாள். “இதில ‘நாங்கள்’ எண்டு போட்டிருக்கிறியள். ‘நான்’ எண்டு எழுதுங்கோ.” வெட்டினேன். நான் என்று எழுதினேன். எனக்கே தெரியாமல் என் கை அந்தச் சொல்லைத் தேடிப் போயிருக்கிறது, மகனே. நீயும் உன் வாழ்க்கையில் ஒரு பிழையை எழுதும்போது அந்த இடத்தைத் திரும்ப ஒருமுறை வாசித்துப் பார்.

புறப்படும்போது கதவு வரை வந்தாள். “தமிழிலயும் எழுதுங்கோ அக்கா. ஜேர்மன்காரர் மறந்திருப்பினம். எங்கட சனம் மறக்கேல்லை. என்ர பேரைப் போட்டே எழுதுங்கோ.” இதோ எழுதுகிறேன். அன்று திருவிழா வரிசையில் நின்றவர்கள் இதை வாசித்தால் தெரிந்துகொள்ளட்டும்: சுகந்தி ஒரு போத்தலையும் தொடவில்லை. ஊற்றியவள் நான். ஒரு ஆளைத் தேடி அவள் அந்த அறைக்குள் போனாள், அந்த ஆளும் நான்.

இனி உன்னுடைய விஷயம். புது வேலைக்கான கடதாசிகளை நீ மூன்று கிழமைக்கு முன்னால் மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாய். பதினெட்டுப் பேர், ஏழெட்டு மொழி, ஒவ்வொருவருக்கும் பாதுகாப்பு விளக்கம் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும் என்றாய். எவ்வளவு நேரம் எடுக்கும் என்று கேட்டேன். “ஒரு மணித்தியாலத்தில எல்லாற்றையும் முடிச்சிடலாம் அம்மா. கையெழுத்துத்தானே,” என்றாய். ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் வாய் திறந்ததற்கு அந்தச் சொல்தான் காரணம். உன் களஞ்சியத்தில் நான் பாவித்ததைவிட ஆயிரம் மடங்கு பலமான பொருட்கள் பீப்பாய் பீப்பாயாக நிற்கும். எது எதோடு சேரும் என்று உனக்கு நித்திரையிலும் தெரியும். பாரம் தூக்குகிற மனிதருக்குத் தெரியாது. ஒன்று நடந்தால் உன் நிறுவனம் மேசையில் வைக்கப்போவது அவர்களுடைய கையெழுத்தைத்தான். அன்று அவர்களுக்காகக் கதைக்க ஒரு மகனைப் பள்ளிக்கூடத்தில் இருந்து மறித்துக் கூட்டி வருவார்கள்.

நான் என் இடத்தில் இதை மாற்றிவிட்டேன். போன மாதம் எரித்திரியாவில் இருந்து வந்த ஒரு பெண் புதிதாகச் சேர்ந்தாள். பெயர் செலாம். கடதாசியைக் கண்டதும் என்னைப்போலவே உடனே பேனாவுக்குக் கையை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை. இரண்டு பேருக்கும் உடைந்த ஜேர்மன்தான். வெறும் போத்தல்கள் இரண்டை எடுத்து வைத்தேன், படம் கீறினேன், மூக்கைப் பொத்திக் காட்டினேன், யன்னலைத் திறந்து காட்டினேன். பிறகு நீ எனக்குச் சொல் என்றேன். அவள் ஒரு போத்தலைத் தூக்கி, இது தனிய என்றாள். மற்றதைத் தூக்கி, இதுவும் தனிய என்றாள். இரண்டையும் கிட்டக் கொண்டுவந்து, சட்டென்று தூர விலக்கி, “லுஃப்ற் கபுட்,” என்றாள். காற்றுக் கெட்டுப்போகும். பாடப்புத்தகம் அரைப் பக்கத்தில் சொன்னதை இரண்டு சொல்லில் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகுதான் பேனா அவள் கைக்குப் போனது. என் மேலதிகாரி மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு ஆளுக்கு நாற்பது நிமிடமா என்றார். நாளைக்கு வருகிற ஆளுக்கும் நாற்பது நிமிடம்தான் என்றேன். அவர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு போனார். போகட்டும்.

திங்கட்கிழமை உன் பதினெட்டுப் பேரும் வந்து நிற்பார்கள். ஒரு நாள் போதாவிட்டால் ஒரு கிழமை எடு. மேலே இருப்பவர்கள் கேட்டால், என்னால் இதைவிடக் கெதியாகச் செய்ய ஏலாது என்று சொல். உன் ஜேர்மன் எவ்வளவு நல்லது என்று எனக்குத் தெரியும், அந்தப் பதினெட்டுப் பேருக்கும் அது மட்டும் போதாது. ஒவ்வொருவரும் தன் மொழியிலோ, கையாலோ, படத்தாலோ உனக்குத் திரும்பச் சொல்லிக் காட்டட்டும். சொல்லி முடிந்த பிறகு பேனாவைக் கொடு. அதற்கு முன்னால் கொடாதே.

அம்மா